டி.வி. ரியாலிட்டி ஷோ: எது செல்லும் நோட்டு? எது செல்லாத நோட்டு?

இரவு மணி 9.30. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்த மளிகைக் கடைக்காரர், சாப்பாட்டுத் தட்டின் முன் உட்காருகிறார். எதிரே டி.வி.யில் ஒரு பெண் தேம்பித் தேம்பி அழுகிறார். பின்னால் வயலினும் சேர்ந்து அழுகிறது. அதைப் பார்த்து வீட்டில் பாட்டியும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொள்கிறார்.

"இதெல்லாம் சொல்லிக் கொடுத்து அழ வைக்கிறதும்மா" என்கிறார் கடைக்காரர்.

"போடா! உனக்கு எதுலதான் நம்பிக்கை இருக்கு?" என்று சீறுகிறார் பாட்டி.

"அப்பா, கொஞ்ச நேரம் சும்மா இருங்கப்பா! நான் ஓட்டுப் போடணும்" என்று செல்போனைத் தட்டுகிறாள் மகள்.

இந்தக் காட்சி நடக்காத தெரு சென்னையில் உண்டா? வீட்டுக்கு ஒரு சந்தேகப் பேர்வழி இருக்கத்தான் செய்கிறார். எல்லாம் டூப்பு, எல்லாம் ஜோடனை என்கிறார். அப்படிச் சொல்லிக்கொண்டே அவரும் பார்க்கிறார்!

அவர் சொல்வது சரியா? எல்லாமே டூப்புதானா? இல்லை, பார்க்கத் தகுந்தது ஏதாவது உண்டா?

கல்லாவில் உட்காருகிறவருக்கு ஒரு பழக்கம் உண்டு. 500 ரூபாய் நோட்டு வந்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். ஊரில் கள்ள நோட்டு இருக்கிறது என்பதற்காகக் கடையை மூட மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கல்லாவில் போடவும் மாட்டார். பார்த்து வாங்குவார். ரியாலிட்டி ஷோ விஷயத்திலும் அதே வழிதான் நல்ல வழி.

வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய அடையாளங்கள் 3. அவை வருமாறு:-

1. போட்டியில் வைக்கப்படும் சரக்கு எது? திறமையா, கண்ணீரா?

2. ஜெயித்தது யார் என்ற கணக்கு யார் கையில் இருக்கிறது?

3. கேமரா அணைந்த பிறகு அந்த ஆளின் கதி என்ன?

மூன்றிலும் தேறினால் முழு மதிப்பு. பாதி தேறினால், கிழிந்த நோட்டுக்கு பாங்கியில் கொடுப்பது போலப் பாதி மதிப்பு. ஒன்றும் தேறாவிட்டால் செல்லாத நோட்டு. இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாக்கி 23 மணி நேரம் எங்கே?

முதலில் ஊரே சண்டை போடும் "பிக் பாஸ்".

இதன் பிறந்த ஊர் ஹாலந்து. 1999 செப்டம்பரில் அங்கே "பிக் பிரதர்" என்ற பெயரில் தொடங்கியது. இதைக் கண்டுபிடித்தவர் ஜான் டி மோல். ஜார்ஜ் ஆர்வெல் எழுதி 1949-ல் வெளிவந்த "1984" என்ற நாவலில், மக்களை இரவு பகலாகக் கண்காணிக்கும் சர்வாதிகாரிக்கு "பிக் பிரதர்" என்று பெயர். படிப்பவர்கள் நடுங்க வேண்டும் என்று எழுதிய கதை அது. அந்தப் பெயரையே எடுத்து வேடிக்கை காட்ட வைத்துக்கொண்டார்கள்!

இந்தியில் 2006-ல் "பிக் பாஸ்" ஆக வந்தது. தமிழில் 2017 ஜூன் 25-ந் தேதி விஜய் டி.வி.யில் தொடங்கியது. முதல் 7 சீசன்களை கமல்ஹாசன் நடத்தினார். 2024-ல் 8-வது சீசனுக்கு விஜய் சேதுபதி வந்தார்.

ஒரு நாளைக்கு 24 மணி நேரம். வீடு முழுவதும் கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. டி.வி.யில் வருவது, விளம்பரம் உள்பட, சுமார் 1 மணி நேரம். மீதி 23 மணி நேரம் என்ன ஆயிற்று? வெட்டி ஒதுக்கப்பட்டது.

காலையில் ஒருவர் காபி கேட்கிறார். மாலையில் இன்னொருவர் வேறு எதற்கோ முறைக்கிறார். இந்த இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் என்ன ஆகும்? காபி கேட்டதற்காக முறைத்த மாதிரி ஆகிவிடும். இரண்டும் நடந்தது உண்மை. ஒட்டியதால் கிடைக்கிற கதை மட்டும் உண்மை இல்லை. வாக்குமூலத்தில் நடுவில் 10 பக்கத்தைக் கிழித்துவிட்டு மீதியைக் கோர்ட்டில் கொடுத்தால் நீதிபதி சும்மா விடுவாரா?

ஆனால் இந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். முதல் சீசனிலேயே "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று சாதித்தவர்களுக்கு கமல்ஹாசன் பதிவைப் போட்டுக் காட்டினார். "குறும்படம்" என்ற சொல்லுக்கு ஊரில் புது அர்த்தமே வந்துவிட்டது. டீக்கடையில் கூட, "குறும்படம் போடட்டுமா?" என்று கேட்டால் பொய் சொன்னவர் கப்சிப் ஆகிவிடுவார்.

2022-ல் "பிக் பாஸ் அல்டிமேட்" நிகழ்ச்சியையும், பிறகு 6-வது சீசனையும் ஹாட்ஸ்டாரில் 24 மணி நேரமும் நேரடியாகக் காட்டினார்கள். நேரம் உள்ளவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. ஆனால் ஆபீசுக்குப் போகிறவருக்கு அந்த நேரம் ஏது?

பூட்டுப் போட்ட அதிகாரிகள்!

வெளியுலகத் தொடர்பே இல்லாத வீடு என்கிறார்கள். அப்படி ஒரு வீட்டுக்குள் ஒருநாள் வெளியுலகம் சாவியோடு நுழைந்துவிட்டது!

நடந்தது 2021 மே மாதம். சென்னையை அடுத்த செம்பரம்பாக்கம் பக்கத்தில் இருக்கும் ஈ.வி.பி. பிலிம் சிட்டியில் மலையாள "பிக் பாஸ்" 3-வது சீசன் படமாகிக்கொண்டிருந்தது. கொரோனா ஊரடங்கு நேரம். படப்பிடிப்புக் குழுவில் சிலருக்குத் தொற்று வந்தும் வேலை நிற்கவில்லை. வருவாய்த்துறை அதிகாரிகள் போலீசாருடன் போய் அந்த இடத்துக்கு சீல் வைத்தார்கள். போட்டியாளர்கள் ஓட்டலுக்கு மாற்றப்பட்டார்கள்.

இதேபோல் 2025 அக்டோபரில் பெங்களூர் அருகே பிடதியில் கன்னட "பிக் பாஸ்" செட் இருந்த ஸ்டுடியோவுக்கும் பூட்டு விழுந்தது. கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த உத்தரவு காரணம். சில நாளில் திறந்துவிட்டார்கள்.

இதில் பார்க்கிறவருக்கு என்ன பாடம்? அது வீடு அல்ல. ஆட்கள் ஷிப்டு போட்டு வேலை செய்யும் ஒரு தொழிற்சாலை. அங்கே தயாராவது சண்டையும் சமாதானமும். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் தப்பில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 100 நாள், தினம் 1 மணி நேரம் என்றால் 100 மணி நேரம். 8 மணி நேர டியூட்டியாகப் பிரித்தால் 12½ நாள் வேலை. சம்பளம் இல்லாத ஓவர்டைம்! கணக்குத் தெரிந்த குமாஸ்தா சனி, ஞாயிறு மட்டும் பார்ப்பார். வாரம் முழுக்க நடந்த வம்பு அதில் வந்துவிடுகிறது.

மதிப்பு: கிழிந்த நோட்டு. பாதி தேறும்.

சுருதி பொய் சொல்லாது

அடுத்தது பாட்டுப் போட்டி. விஜய் டி.வி.யின் "சூப்பர் சிங்கர்" 2006-ல் தொடங்கியது. ஜீ தமிழில் "சரிகமப" வருகிறது.

இங்கே சரக்கு காதுக்கு நேராக வருகிறது. சுருதி விலகினால் வீட்டில் இருக்கிற பாட்டிக்கே தெரியும். 3 நிமிடப் பாட்டை யாராலும் காபி கதை மாதிரி வெட்டி ஒட்டி வேறு கதை ஆக்க முடியாது.

ஆனால் சந்தேகப் பேர்வழி விடுவாரா? "ரெக்கார்டு பண்ணிப் போடுறாங்களே, சுருதியை மெஷின்ல சரி பண்ண முடியாதா?" என்பார். முடியும். 2010-ல் இங்கிலாந்தில் "எக்ஸ் பாக்டர்" பாட்டுப் போட்டியில் இந்தக் குட்டு உடைந்தது. தேர்வுச் சுற்றில் பாடியவரின் குரல் கருவியால் திருத்தப்பட்டிருப்பதை நேயர்களே கண்டுபிடித்துக் கூச்சல் போட்டார்கள். இனி அப்படிச் செய்வதில்லை என்று நிகழ்ச்சி நடத்தியவர்கள் இறங்கி வந்தார்கள்.

ஆகவே இறுதிச் சுற்றை நேரடியாக ஒளிபரப்புகிறார்கள் என்றால் அதைப் பாருங்கள். மெஷின் வேலைக்கு அங்கே இடம் குறைவு.

இன்னொரு வழக்கும் உண்டு. 2016-ல் "சூப்பர் சிங்கர்" பட்டம் வென்றவர் ஏற்கனவே சினிமாவில் பாடியவர் என்ற செய்தி வந்ததும், "புதுக்குரல் தேடுவதாகத்தானே சொன்னீர்கள்?" என்று நேயர்கள் வெளுத்து வாங்கினார்கள். அவர் பாடியது நன்றாகத்தான் இருந்தது. தகராறு பாட்டைப் பற்றி அல்ல, போர்டில் எழுதியிருந்ததைப் பற்றி. கடையில் "புதுச் சரக்கு" என்று போர்டு வைத்தால் உள்ளே அதுதான் இருக்கவேண்டும் என்று வாடிக்கையாளர் எதிர்பார்ப்பார் அல்லவா?

மறுபக்கம் 2018. புதுக்கோட்டைப் பக்கத்து நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் பட்டம் வென்றார். மனைவி ராஜலட்சுமியும் அதே மேடையில் பாடினார். திருவிழா மேடையில் விடிய விடியப் பாடுகிற குரலை ஏ.சி. அரங்கத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திய பெருமை இந்த நிகழ்ச்சிக்கு உண்டு. அதற்குப் பிறகு இருவரும் சினிமாவிலும் பாடினார்கள். கேமரா அணைந்த பிறகும் அவர்களுக்கு மேடை இருந்தது.

ஒரே ஒரு இடைஞ்சல். பாட்டுக்கு முன்னால் வரும் 5 நிமிடச் சோகக் கதை. அப்பா கஷ்டப்பட்டார், அம்மா நகையை அடகு வைத்தார் என்று மெதுவாக ஓடும் படம். கஷ்டம் உண்மையாகவே இருக்கும். ஆனால் கஷ்டத்துக்குப் பரிசா, பாட்டுக்குப் பரிசா? அந்த 5 நிமிடம் சவுண்டைக் குறைத்துவிட்டுச் சாப்பிடலாம். பாட்டு ஆரம்பித்ததும் கூட்டலாம்.

மதிப்பு: முழு நோட்டு.

அடுப்பில் என்ன நடக்குது?

சமையல் போட்டியில் ஒரு சிக்கல். பார்க்கலாம், ருசிக்க முடியாது. உப்பு கூடியதா குறைந்ததா என்று நடுவர் சொல்வதைத்தான் நம்பவேண்டும். ஆனால் எண்ணெய் காய்வதும், கேக் கருகுவதும், மணி அடிக்கும் நேரத்தில் கை நடுங்குவதும் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது.

2021 ஆகஸ்டில் சன் டி.வி.யில் விஜய் சேதுபதி நடத்திய "மாஸ்டர் செப்" தமிழ் வந்தது. அதில் சமையல்தான் பிரதானம்.

விஜய் டி.வி.யின் "குக்கு வித் கோமாளி" வேறு ரகம். 2019 நவம்பரில் தொடங்கியது. சமையல் பாதி, கோமாளித்தனம் பாதி. தாமுவும் வெங்கடேஷ் பட்டும் நடுவர்களாக இருந்து கோமாளிகளிடம் மாட்டிக்கொண்டு முழித்ததைப் பார்த்துக் கொரோனா காலத்தில் ஊரே சிரித்தது. பிறகு 2024-ல் வெங்கடேஷ் பட் சன் டி.வி.யின் "டாப் குக்கு டூப் குக்கு" பக்கம் போனார். அவர் இடத்துக்கு மாதம்பட்டி ரங்கராஜ் வந்தார். அதே ஆண்டு தொகுப்பாளினி மணிமேகலை நடுவில் விலகியதும் பெரிய பரபரப்பு ஆனது.

இதில் விசேஷம் என்னவென்றால், இந்த நிகழ்ச்சி யாரையும் ஏமாற்றுவதில்லை. "இது கூத்து" என்று பெயரிலேயே சொல்லிவிட்டுக் கூத்து காட்டுகிறது. இங்கே சந்தேகப் பேர்வழிக்கு வேலையே இல்லை. அவரும் சேர்ந்து சிரிக்கலாம்.

மதிப்பு: முழு நோட்டு. சில்லறை கேட்காமல் வாங்கலாம்.

விடை தெரிந்தும் தோற்ற ஆள்!

கேள்வி - பதில் போட்டிதான் மிகவும் சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் டி.வி. வரலாற்றில் மிகப் பெரிய மோசடி இதில்தான் நடந்தது.

அமெரிக்காவில் 1956-ல் "ட்வெண்டி ஒன்" என்று ஒரு நிகழ்ச்சி. ஹெர்ப் ஸ்டெம்பெல் என்பவர் வாரா வாரம் வென்றுகொண்டிருந்தார். நேயர்களுக்கு அவர் முகம் அலுத்துவிட்டது என்று நிகழ்ச்சியை நடத்தியவர்கள் நினைத்தார்கள். உடனே அவரைத் தோற்கச் சொன்னார்கள். 1955-ன் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் எந்தப் படத்துக்கு என்ற கேள்விக்குத் தப்பான விடை சொல்ல வேண்டும். சரியான விடை "மார்ட்டி". அது அவருக்கு மிகவும் பிடித்த படம்! தெரிந்தும் தப்பாகச் சொல்லித் தோற்றார்.

அவரை வென்றவர் சார்லஸ் வான் டோரன். கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர். அழகன். ஒரு லட்சத்து 29 ஆயிரம் டாலர் வென்று நாடே கொண்டாடும் ஆள் ஆனார். 1959 நவம்பரில் பார்லிமெண்டு விசாரணைக் குழு முன்பு அவர் உண்மையைக் கக்கினார். கேள்வியும் விடையும் முன்கூட்டியே தனக்குக் கொடுக்கப்பட்டன என்றார். அடுத்த ஆண்டே, 1960-ல், வினாடி வினா போட்டியில் இப்படித் தில்லுமுல்லு செய்வது குற்றம் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது.

இங்கிலாந்தில் 2001-ல் இன்னொரு கூத்து. "ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்" நிகழ்ச்சியில் ராணுவ மேஜர் ஒருவர் 10 லட்சம் பவுண்டு பரிசுக் கேள்வி வரை வென்றார். சரியான விடையை அவர் சொல்லும்போதெல்லாம் அரங்கத்தில் யாரோ இருமினார்கள்! செக்கை நிறுத்தினார்கள். வழக்கு நடந்தது. 2003-ல் மேஜர், அவர் மனைவி, இருமிய ஆசாமி 3 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

இந்த இரண்டு வழக்கும் சொல்வது ஒன்றுதான். மோசடி நடந்தால் பிடிக்க வழி இருக்கிறது. ஏனென்றால் விடை சரியா தப்பா என்பது நடுவர் கையில் இல்லை. புத்தகத்தில் இருக்கிறது.

இந்தியாவில் இதே போட்டி 2000 ஜூலையில் அமிதாப் பச்சனோடு வந்தது. தமிழில் 2012-ல் சூர்யா நடத்திய "நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி" வந்தது. 2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழில் ராதிகா நடத்திய, பெண்களுக்கான "கோடீஸ்வரி" தொடங்கியது. 2020 ஜனவரியில் காது கேளாத, வாய் பேச முடியாத ஒரு பெண் அதில் 1 கோடி வென்றார். அங்கே வயலின் தேவைப்படவில்லை. விடையே போதுமானதாக இருந்தது.

ஒரு கோடி ஜெயித்தவர் கைக்கு ஒரு கோடி வராது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பரிசுப் பணத்துக்கு 30 சதவீத வருமான வரி. அதோடு மேல் வரியும் செஸ்ஸும் சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அரசாங்கத்துக்குப் போய்விடும்.

பணம் வந்தவரின் கதி? 2011-ல் இந்தி நிகழ்ச்சியில் 5 கோடி வென்ற பீகார் இளைஞர், அந்தப் பணம் வந்த பிறகு ஏமாற்றுக்காரர்களிடம் சிக்கியதையும், குடியில் விழுந்து எழுந்ததையும் 2020-ல் தானே எழுதினார்.

மதிப்பு: முழு நோட்டு.

காடா? ஓட்டலா?

2021-ல் ஜீ தமிழில் அர்ஜுன் நடத்திய "சர்வைவர்" ஆப்பிரிக்கக் கரையோரம் இருக்கும் ஜான்சிபார் தீவில் படமானது. கயிற்றில் தொங்குவதும், கட்டையில் நிற்பதும் கண்ணெதிரே நடக்கும் வேலை. அதில் டூப்பு குறைவு. யார் யாரோடு சேர்ந்து யாரைக் கவிழ்த்தார் என்பது மட்டும் வெட்டி ஒட்டும் மேஜையின் கைவரிசை.

இதன் அமெரிக்க மூலம் 2000-ல் வந்தது. முதல் சீசனில் 10 லட்சம் டாலர் வென்ற ரிச்சர்டு ஹாட்ச், அந்தப் பணத்துக்கு வரி கட்டாத குற்றத்துக்காக 2006-ல் ஜெயிலுக்குப் போனார். தீவில் எல்லாரையும் ஜெயித்தவர், வரி இலாகாவிடம் தோற்றார்!

காட்டு நிகழ்ச்சி என்றால் பேர் கிரில்ஸ் பெயரைச் சொல்லாமல் முடியாது. 2020 மார்ச்சில் ரஜினிகாந்த் பந்திப்பூர் காட்டில் அவரோடு சுற்றிய நிகழ்ச்சியைத் தமிழ்நாடே பார்த்தது. அதே கிரில்ஸ், 2007-ல் வேறொரு தொடர் எடுத்தபோது சில இரவுகள் காட்டில் தூங்காமல் ஓட்டலில் தூங்கினார் என்ற விவரம் அம்பலம் ஆனது. அதற்குப் பிறகு, சில காட்சிகள் ஏற்பாடு செய்யப்பட்டவை என்று எழுத்துப் போட்டுக் காட்டத் தொடங்கினார்கள். அந்த எழுத்தைப் படித்துவிட்டுப் பார்த்தால் ஏமாற்றம் இல்லை.

மதிப்பு: பாதிக்கு மேல் தேறும்.

29,978 ஓட்டு மர்மம்!

மகள் செல்போனில் ஓட்டுப் போடுகிறாளே, அந்த விஷயத்துக்கு வருவோம்.

தென்கொரியாவில் "ப்ரொட்யூஸ்" என்று ஒரு நிகழ்ச்சி. பாடகர் குழுவுக்கு ஆள் தேர்வு. ஓட்டுப் போடுவது மக்கள். 2019 ஜூலையில் ஒரு சீசனின் இறுதி முடிவை ஓட்டு எண்ணிக்கையோடு அறிவித்தார்கள். ரசிகர்கள் காகிதமும் பேனாவும் எடுத்துக் கழித்தல் கணக்குப் போட்டார்கள். பகீர் என்றது! ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம் 29,978. இன்னும் பல இடங்களிலும் அதே 29,978!

லட்சக்கணக்கான பேர் போட்ட ஓட்டில் ஒரே வித்தியாசம் திரும்பத் திரும்ப வருமா? ரசிகர்கள் புகார் கொடுத்தார்கள். போலீசார் நுழைந்தார்கள். நடந்த சீசன்கள் அனைத்திலும் முடிவு மாற்றப்பட்டது வெளியானது. டைரக்டர் ஆன் ஜூன் யங், கம்பெனிகளிடம் விருந்து உபசாரம் வாங்கியதும் வெளிவந்தது. 2020-ல் அவருக்கு 2 ஆண்டு ஜெயில். 2021-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது.

அங்கே நடந்ததால் இங்கேயும் நடக்கிறது என்று அர்த்தம் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் குட்டு உடைந்ததே எண்ணிக்கையை வெளியிட்டதால்தான். வார்டு கவுன்சிலர் தேர்தலில் கூட ஓட்டு எண்ணும் மேஜைக்குப் பக்கத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஏஜெண்டு உட்காருகிறார். ஒவ்வொரு சுற்றுக்கும் கணக்கு எழுதிக் காட்டுகிறார்கள். டி.வி. ஓட்டுக்கு ஏஜெண்டு யார்?

ஓட்டுப் போடுவது காசில்லாத வேடிக்கை என்றால் போட்டுக்கொள்ளலாம். அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை வேண்டாம். பிடிக்காத போட்டியாளரைச் செல்போனில் கெட்ட வார்த்தையால் ஏசவும் வேண்டாம். 23 மணி நேரத்தை வெட்டிவிட்டுக் காட்டிய ஆளை வைத்து ஒருவரின் குணத்துக்குத் தீர்ப்பு எழுத யாருக்கும் உரிமை இல்லை.

கண்ணீருக்குக் கதவு உண்டா?

கடைசி ரகம்தான் மிகவும் கவனிக்க வேண்டியது. குடும்பச் சண்டையை ஸ்டுடியோவில் கூட்டிவைத்துத் தீர்க்கும் நிகழ்ச்சி.

ஜீ தமிழில் பல ஆண்டுகள் "சொல்வதெல்லாம் உண்மை" ஓடியது. 2018 ஜூனில் ஐகோர்ட்டு மதுரை கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த நிகழ்ச்சி முடிந்துவிட்டாலும் அந்த ரகம் முடியவில்லை. பழைய துண்டுகள் இன்றும் செல்போனில் சுற்றுகின்றன. அன்று அழுத பெண்ணின் குழந்தை இன்று வளர்ந்து அதைப் பார்க்கக்கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1984-ம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, கணவன் மனைவி இருவரில் ஒருவர் கேட்டாலே போதும். கோர்ட்டுக் கதவைச் சாத்திவிட்டு ரகசியமாக விசாரிக்க வேண்டும். நிஜ கோர்ட்டில் கதவு உண்டு. ஸ்டுடியோவில் கதவே இல்லை.

இங்கிலாந்தில் இதே ரகமான "ஜெரமி கைல் ஷோ" 2005-ல் இருந்து ஓடியது. 2019 மே மாதம் அதில் ஒருவர் தன் காதலிக்குத் துரோகம் செய்யவில்லை என்று நிரூபிக்கப் பொய் கண்டுபிடிக்கும் கருவியில் உட்கார்ந்தார். தோற்றுவிட்டதாகச் சொன்னார்கள். சில நாளில் அவர் பிணமாகக் கிடந்தார். அந்தப் பகுதி ஒளிபரப்பாகவே இல்லை. 14 ஆண்டு ஓடிய நிகழ்ச்சியையும் நிறுத்திவிட்டார்கள். பங்கேற்பவர்களின் நலனைக் கவனிக்க வேண்டும் என்று 2021-ல் அங்கே ஒளிபரப்பு விதியே மாறியது.

அந்தக் கருவியை எவ்வளவு நம்பலாம்? இந்தியாவில் சுப்ரீம் கோர்ட்டு 2010 மே 5-ந் தேதி கொடுத்த தீர்ப்பில், சம்மதம் இல்லாமல் யாரையும் அந்தச் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்றது. சம்மதித்து உட்கார்ந்தாலும், அதில் சொன்னதை மட்டும் வைத்துச் சாட்சியம் ஆக்க முடியாது என்றும் சொன்னது. கொலை வழக்கிலேயே இந்த நிலை என்றால், குடும்பத் தகராறுக்கு அது எப்படி உதவும்?

வீட்டில் பிரச்சினை என்றால் போவதற்கு இடம் இருக்கிறது. இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்கள் உதவிக்கு 181. மன வேதனை தாங்காதவர்கள் 14416 எண்ணில் பேசலாம். அங்கே வயலின் கிடையாது. கேமராவும் கிடையாது.

மதிப்பு: செல்லாத நோட்டு. வாங்க வேண்டாம்.

பிள்ளைகள் ஆடினால்...

மேடையில் குழந்தைகள் பாடினாலும் ஆடினாலும் பார்க்க ஆசைதான். பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள் உண்டு. 2017-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, நிகழ்ச்சியில் குழந்தையை நடிக்க, பாட வைக்க மாவட்ட கலெக்டரின் அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வு இல்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. சம்பாதிப்பதில் 20 சதவீதமாவது குழந்தை பெயரில் பாங்கியில் டெபாசிட் ஆக வேண்டும்.

தோற்ற குழந்தை அழும்போது கேமரா முகத்துக்குக் கிட்டே போகிறதா, தள்ளிப் போகிறதா? அதைப் பார்த்தாலே அந்த நிகழ்ச்சியின் யோக்கியதை தெரிந்துவிடும்.

கடைசியில் கல்லா கணக்கு

பாட்டு, சமையல், கேள்வி - பதில்: தாராளமாகப் பார்க்கலாம். காட்டு சாகசம்: எழுத்துப் போட்டதைப் படித்துவிட்டுப் பார்க்கலாம். "பிக் பாஸ்": வாரக் கடைசியில் மட்டும், நாடகம் என்று நினைத்துப் பார்க்கலாம். குடும்பக் கண்ணீர்: ரிமோட்டில் அடுத்த பட்டனை அழுத்தலாம்.

இரவு மணி 10.15. அதே மளிகைக் கடைக்காரர் வீடு. சேனல் மாறியிருக்கிறது. ஒரு சின்னப் பையன் மைக்கைப் பிடித்துக்கொண்டு உச்சஸ்தாயியில் பாடுகிறான். சாப்பிட்ட கை காய்ந்துவிட்டது. கடைக்காரர் கழுவப் போகவில்லை.

"என்னப்பா, இதுவும் டூப்பா?" என்று சீண்டுகிறாள் மகள்.

"இது செல்லும் பாப்பா. கொஞ்சம் சவுண்டை வை" என்கிறார் கடைக்காரர்.